18 வயதுக்குக் கீழே தூக்கு வேண்டுமா? சுங்கை சிப்புட் ஆட்கள் வந்து பேசுங்கள்

சிப்புட் வாத்தியார்

பண்டார் உத்தாமா பள்ளியில் அந்தப் பெண் பிள்ளை இறந்ததிலிருந்து (2025 அக்டோபர் 14) நம் ஊரில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். அவளுக்கு 16 வயது, குத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பையனுக்கு 14. "வயசாவது ஒண்ணாவது, தூக்குல போடு" என்று கோயில் கமிட்டியில் இருக்கும் பெரியவர்களே சொல்கிறார்கள். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயுசில் பாதியைத் தமிழ்ப்பள்ளியில் கழித்தவன் நான், காலையில் பையை மாட்டிக்கொண்டு போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பேசுகிறவர்களில் நிறையப் பேருக்கு நம் சட்டம் இப்போது என்ன சொல்கிறது என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். மலேசியாவில் 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம், 97-ஆம் பிரிவு. தீர்ப்பு நாளில் என்ன வயது என்று பார்ப்பதில்லை, குற்றம் நடந்த நாளில் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். கொலையானாலும் சரி, போதைப்பொருள் கடத்தலானாலும் சரி.

தூக்கு இல்லை என்றால் என்ன? இங்கேதான் யாரும் கவனிக்காத பாதி இருக்கிறது. அந்தப் பிள்ளையைச் சிறையில் வைக்க வேண்டும், எத்தனை ஆண்டு என்று நீதிபதி சொல்ல மாட்டார். கோலாலம்பூர், லாபுவான் போன்ற கூட்டரசுப் பிரதேசத்தில் நடந்த குற்றமென்றால் மாமன்னரின் விருப்பம் உள்ளவரை, பேராக்கில் நடந்ததென்றால் நம் சுல்தானின் விருப்பம் உள்ளவரை, பினாங்கு மலாக்காவில் ஆளுநரின் விருப்பம் உள்ளவரை. ஐந்து ஆண்டாகவும் இருக்கலாம், இருபத்தைந்தாகவும் இருக்கலாம். நாம் தூக்கு வேண்டும் வேண்டாம் என்று சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறோம், தேதியில்லாமல் உள்ளே இருக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. நான் பேச வந்தது அதைத்தான்.

லோரிக்காரன்

வாத்தியாரே, சட்டம் தெரியாமல் பேசவில்லை. சட்டத்தை மாற்று என்றுதான் சொல்கிறோம்.

நான் ராத்திரியில் செம்பனைக் குலை ஏற்றி ஓட்டுகிறவன், எந்த முச்சந்தியில் எந்தப் பசங்கள் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கும்பல்காரன் எதற்காக 15, 16 வயதுப் பையன் கையில் பாராங்கை, அதாவது வெட்டுக்கத்தியை, கொடுத்து முன்னால் அனுப்புகிறான்? பெரியவன் மாட்டினால் கயிறு, சின்னவன் மாட்டினால் கயிறு இல்லை. நீங்கள் சொல்லும் அந்த 97-ஐ நமக்கு முன்னாலேயே அவன் படித்துவிட்டான்.

2017-இல் பினாங்கில் நம் பையன், 18 வயது, பகடிவதையில் அடிபட்டு இறந்தான். குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டு பேர் 18-க்குக் குறைவு. வழக்கு எப்படிப் போனது என்று நான் பேச வரவில்லை. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்த பிறகு யாராவது வயதுக் கணக்கு பேசுவீர்களா?

இந்தியாவைப் பாருங்கள். 2012 டில்லி பேருந்து வழக்கு. ஆறு பேர். ஒருவன் சிறையில் செத்தான், நான்கு பேரை 2020-இல் தூக்கிலிட்டார்கள். 18 நிரம்ப இன்னும் சில மாதமே இருந்த ஒருவன் மட்டும் மூன்றே ஆண்டு சீர்திருத்த இல்லத்தில் இருந்துவிட்டு 2015 டிசம்பரில் வெளியே வந்துவிட்டான். இது நியாயமா?

சட்டம் படிக்கும் தம்பி

அண்ணே, டில்லி வழக்கில் மூன்று ஆண்டு என்பது அன்றைய இந்தியச் சட்டத்தின் உச்சவரம்பு. அதற்கு வந்த எதிர்ப்பில்தான் 2015-இல் சட்டத்தை மாற்றினார்கள், 16 முதல் 18 வரை உள்ளவர்கள் கொடுங்குற்றம் செய்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்று. அவ்வளவு கோபத்திலும் அந்தப் புதிய சட்டம் சிறாருக்கு மரண தண்டனையைக் கொண்டுவரவில்லை, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையையும் கொண்டுவரவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுப் பிரச்சினை அதற்கு நேர் எதிர். இந்தியாவில் குறைவாகக் கொடுத்தார்கள் என்று கத்தினார்கள். இங்கே எவ்வளவு என்றே எழுதவில்லை.

அப்புறம் கும்பல் விஷயம். தூண்டிவிட்டவனுக்கும் குற்றம் செய்தவனுக்குரிய அதே தண்டனை என்று குற்றவியல் சட்டம் 109-ஆம் பிரிவு சொல்கிறது. ஏவப்பட்டவன் சின்னப் பிள்ளை என்பதால் ஏவியவன் தப்பிக்கவும் முடியாது, அதற்கும் 108-இல் தெளிவாக விளக்கம் இருக்கிறது. ஆக பாராங்கைக் கொடுத்த பெரியவனைத் தூக்குவரை கொண்டுபோக இன்றைக்கே சட்டம் இருக்கிறது. அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆள் வராததுதான் இல்லாதது.

பழைய பால்மரம்

தம்பி சொல்வது சரிதான், ஆனால் 18 என்ற கோடு எப்போதும் இருந்தது போல நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதிலிருந்துதான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று சட்டம் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை அப்படித்தான் 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். என் அப்பா அந்தக் காலத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், கணபதி பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

அவசரகாலம் முடிந்த பிறகும் அந்தப் பயம் சட்டத்தில் தங்கிவிட்டது. 1975-இல் பாதுகாப்பு வழக்குகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு வரி: குற்றம் சாட்டப்பட்டவரின் வயது என்னவாக இருந்தாலும் இந்த விதிப்படியே விசாரிக்க வேண்டும், 1947 சிறார் நீதிமன்றச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. ஒரே வரியில் கோட்டை அழித்துவிட்டார்கள். 1977-இல் பினாங்கில் ஒரு 14 வயதுப் பையன் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டான். தூக்குத் தண்டனை என்று தீர்ப்பு. 14 வயது! நாட்டில் பெரிய சத்தம் எழுந்தது, கடைசியில் மன்னிப்பு வாரியம்தான் அவன் உயிரைக் காப்பாற்றியது. சத்தம் எழாமல் இருந்திருந்தால்?

"சட்டத்தை மாற்று" என்று லோரிக்காரத் தம்பி சுலபமாகச் சொல்கிறார். மாற்றினால் எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

லோரிக்காரன்

ஐயா, அது அரசியல், துப்பாக்கிக் காலம். நான் கேட்பது கொலை. செத்த பிள்ளைக்கு 18 ஆகும் நாள் வரவே போவதில்லை. அவளுக்கு யார் கோடு போட்டார்கள்?

கிளினிக் அக்கா

நான் தாதி. தோட்டப்புறக் கிளினிக்கில் பல வருடம் இருந்தேன். லோரிக்காரத் தம்பி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அந்தத் தாய்க்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும், இங்கே யாரும் சொல்லாதது. 18 என்று கோடு போட்டாயிற்று சரி, அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நம் பிள்ளைகளால் காட்ட முடியுமா?

ரிஸானா நபீக்கை நினைவிருக்கிறதா? இலங்கை மூதூர்ப் பெண், நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவள். பிறப்புச் சான்றிதழ்படி 1988 பிப்ரவரியில் பிறந்தவள். வீட்டுக் கஷ்டம், 2005-இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள், அப்போது 17. வேலைக்கு அனுப்புவதற்காக 1982-இல் பிறந்ததாகப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். போன கொஞ்ச நாளில், அவள் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. கொலை என்றார்கள். நீதிமன்றம் பாஸ்போர்ட்டைத்தான் பார்த்தது. 2013 ஜனவரி 9-ஆம் தேதி தலையை வெட்டினார்கள். ஆறு வயதைக் கூட்டி எழுதிய ஒருவனின் பேனா அவளைக் கொன்றது என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். லயத்தில் பிறந்து, பதிவு செய்யாமல் விட்டு, பள்ளியில் சேர்க்கும்போதுதான் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) எங்கே என்று தேடிய பிள்ளைகள் எத்தனை பேர். அப்பா அம்மாவுக்குக் கல்யாணப் பதிவு இல்லை, அம்மாவுக்குச் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை), அல்லது ஐசியே இல்லை. தாமதப் பதிவில் தேதியை ஞாபகத்தில் இருந்து சொல்வார்கள், தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பெரிய மழை பெய்த வருடம் என்று. என் கையால் பிரசவம் பார்த்த பிள்ளைக்கே ஐசியில் வேறு வருடம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வயதில் சந்தேகம் வந்தால் விசாரித்து முடிவு செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று எனக்கு ஒரு வக்கீல் சொன்னார். உண்டுதான். ஆனால் அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும், காட்ட ஒரு காகிதம் வேண்டும். கிளினிக் அட்டை, ஊசி போட்ட புத்தகம், பள்ளி வருகைப் பதிவு எல்லாம் இதற்குச் சாட்சி. தயவுசெய்து அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பைதான்.

இன்னொன்றும் உண்டு. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம். சிங்கப்பூரில் பிடிபட்டபோது இருபது வயது, தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். 2022 ஏப்ரல் 27-இல் தூக்கு. காகிதத்தில் அவர் பெரியவர். அந்தப் பையனின் புத்தி எந்த வயதில் நின்றது என்பதை எந்தக் காகிதம் சொல்லும்?

சிப்புட் வாத்தியார்

அக்கா எழுதியதை ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் படித்துக் காட்ட வேண்டும்.

லோரிக்காரத் தம்பிக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன், நீங்கள் கேட்ட அதே கேள்வி. சிங்கப்பூரில் 2001-இல் ஒருவன் தன் மனைவியைக் கொல்லத் தானே போகவில்லை. அக்கம்பக்கத்துப் பசங்களைப் பிடித்தான், பணம் தருகிறேன் என்றான், பேசிப் பேசி அதில் ஒரு 15 வயதுப் பையனைக் கத்தியோடு அனுப்பினான். உங்கள் கும்பல்காரன் செய்வது அதேதான். என்ன ஆயிற்று? ஏவியவனை 2002 டிசம்பரில் தூக்கிலிட்டார்கள். பையனை அதிபரின் விருப்பம் உள்ளவரை என்று உள்ளே வைத்தார்கள். ஏறக்குறைய 17 ஆண்டு உள்ளே இருந்து 2018-இல் வெளியே வந்தான். அதை யாரும் "தப்பிவிட்டான்" என்று சொல்ல முடியுமா? 15-இல் போனவன் முப்பது தாண்டி வந்தான்.

வயதை 16-க்கு இறக்கினால் கும்பல்காரன் என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்? 15 வயதுப் பிள்ளையைத் தேடுவான். 14-க்கு இறக்கினால் நம் தமிழ்ப்பள்ளி வாசலுக்கே வருவான். நம் நாட்டில் குற்றப் பொறுப்பு 10 வயதில் தொடங்குகிறது, அதுவரைக்கும் இறங்கிக்கொண்டே போகலாம் என்றா சொல்கிறீர்கள்?

பயத்தினால் பிள்ளைகள் அடங்குவார்கள் என்று நம்புகிறவர்களுக்கு: வகுப்பில் நான் கண்டது, பதினைந்து வயதுப் பையன் அடுத்த வருடத்தைப் பற்றியே யோசிப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் நண்பன் என்ன நினைப்பான் என்றுதான் யோசிப்பான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் சிறாருக்கான மரண தண்டனையை ரத்து செய்தபோது சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான், பக்குவம் வரவில்லை, கூட்டாளிகளின் அழுத்தத்துக்குச் சுலபமாக வளைவார்கள், குணம் இன்னும் உறையவில்லை என்று. ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைத் தீர்ப்பு. அதற்கு முந்திய முப்பது ஆண்டுக்குள் 22 பேரை, சிறுவயதில் செய்த குற்றத்துக்காக, கொன்றிருந்தார்கள்.

அதற்கும் முன்னால், 1944-இல் தென் கரோலினாவில் ஜார்ஜ் ஸ்டின்னி என்ற 14 வயதுக் கறுப்பினப் பையன். ஒரே நாளில் விசாரணை, பத்து நிமிடத்தில் ஜூரி முடிவு, மின்சார நாற்காலி. அந்தத் தீர்ப்பு செல்லாது என்று 2014-இல் நீதிமன்றம் சொன்னது. எழுபது ஆண்டு கழித்து! எங்கே, எந்தச் சாதி சனத்தின் பிள்ளை முதலில் மாட்டும் என்று தோட்டத்து ஆட்களான நமக்குச் சொல்ல வேண்டுமா.

சட்டம் படிக்கும் தம்பி

வாத்தியார் முதலில் சொன்ன தேதியில்லாச் சிறை பற்றி யாரும் தொடவில்லை, அதனால் நான் தொடர்கிறேன்.

இது நீதிமன்றம் வரை போன விஷயம். 2002-இல் நடந்த ஒரு கொலை, செய்தவனுக்கு அப்போது 13 கூட நிரம்பவில்லை. 2007 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னதென்றால், தண்டனையை அளப்பது நீதிபதியின் வேலை, அதை மன்னரின் விருப்பத்துக்கு, அதாவது நடைமுறையில் அரசாங்கத்தின் கைக்கு விடுவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லிப் பையனை விடுவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. நாடாளுமன்றம் அப்படிச் சட்டம் போடலாம், செல்லும் என்றது. 97 அப்படியே நின்றது. 2017-இல் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட் தாபிஸ் பள்ளி (குர்ஆன் மனனப் பள்ளி) தீயில் 23 பேர் இறந்தார்களே, அந்த வழக்கிலும் குற்றவாளி என்று தீர்ப்பான பையனுக்கு 2020-இல் உயர்நீதிமன்றம் கொடுத்தது இதே மாமன்னரின் விருப்பம்தான்.

இப்போது பெரியவர்களுக்கு என்ன நடந்தது பாருங்கள். 2023 ஏப்ரலில் கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஜூலை 4-இல் அமலுக்கு வந்தது. கொலை செய்த 30 வயது ஆளுக்கு நீதிபதி தூக்குக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டு, கூடவே ஆண் என்றால் 12-க்குக் குறையாத பிரம்படி என்று கொடுக்கலாம். கடுமைதான். ஆனால் அவனிடம் ஒரு எண் இருக்கிறது. அவன் அம்மா காலண்டரில் எண்ணிக்கொண்டு இருக்கலாம். 97-இல் உள்ளே போன பிள்ளையின் அம்மாவுக்கு எண்ண எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறை வருகையாளர் வாரியம் அந்தப் பிள்ளையின் நிலையைப் பார்க்க வேண்டும், விடுதலைக்குப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான் சட்டத்தில் இருக்கிறது. மேலே என்ன முடிவாகும், எப்போதாகும், அதற்குக் கெடு இல்லை.

தூக்கு வேண்டாம் என்று சொல்பவர்களும் இதைப் பேச வேண்டும். உயிரை விட்டுவைத்தோம் என்று மனம் திருப்தியாகிக் கதவைச் சாத்திவிட்டோம்.

தாமான் வீட்டம்மா

வணக்கம். நான் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. எங்கள் வரிசையில் ஒரு குடும்பம், மகன் இப்படித்தான் உள்ளே இருக்கிறான். போனபோது படிவம் நான்கு. உள்ளேயே எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதினான். அம்மா தோட்டத்தில் உரம் போடுகிறவர், மலாய் சரியாக எழுத வராது. வாரியம் பார்க்கும் என்று தம்பி எழுதியதை அந்த அம்மாவிடம் சொன்னேன், அப்படி ஒன்று இருக்கிறதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். இத்தனை வருடம் அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. என்ன செய்ய வேண்டும்?

சட்டம் படிக்கும் தம்பி

அக்கா, முதலில் தீர்ப்பின் நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீதிமன்றத்தில் வாங்கலாம். பிறகு ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு அந்த அம்மாவோடு நீங்களும் போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். கடைசியாக எப்போது மறுஆய்வு நடந்தது, என்ன பரிந்துரை என்று சிறைக்கு எழுத்தில் கேட்க வேண்டும், வாயால் கேட்டால் நிற்காது. எஸ்பிஎம் சான்றிதழ், உள்ளே படித்த வேறு எதுவானாலும், வெளியே வந்தால் தங்க வீடு இருக்கிறது, வேலை தர ஆள் இருக்கிறார் என்று கடிதம், எல்லாம் சேர்த்து மாநில மன்னிப்பு வாரியத்துக்கு மனு போடலாம். குடும்பமே போடலாம், வக்கீல் இருந்தால் நல்லது.

கிளினிக் அக்கா

வேலைக் கடிதத்துக்கு எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். தனிச்செய்தியில் எழுதுங்கள் அம்மா, நானும் ஈப்போவுக்கு வருகிறேன்.

சிப்புட் வாத்தியார்

மனுவை மலாயில் எழுத நான் இருக்கிறேன். தட்டச்சும் செய்து தருகிறேன்.

பிடிபடும் நேரத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையைக் கைது செய்தால் போலீஸ் உடனே பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் சொல்ல வேண்டும், சிறார் சட்டம் 87. பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மரண தண்டனைக்குரிய வழக்கில் வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நீதிமன்றமே நியமிக்கும், கேட்டு வாங்குங்கள்.

லோரிக்காரன்

வாத்தியாரே, அந்த 87, அக்கா சொன்ன பிறப்புச் சான்றிதழ் விஷயம், இரண்டையும் தமிழில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுங்கள். நான் போகிற தோட்ட ஆபீஸ்களிலும் மில்லிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன், கேட்டால் விடுவார்கள். பாராங்கைக் கொடுத்து அனுப்புகிறவனுக்குக் கயிறு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, அந்த 109-ஐயும் பெரிய எழுத்தில் போடுங்கள். யார் வீட்டுப் பிள்ளையை யார் கூப்பிட்டுப் போகிறான் என்று பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வரட்டும். நான் பார்த்ததை நான் சொல்வேன்.